ஜெகிலும் அட்டர்சனும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெகில், ஹைட் என்ற இரண்டு பெயர்களையும் உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதி 1886 ஜனவரியில் வெளிவந்த குறுநாவல். பத்தே அத்தியாயம்தான். ஜெகில் என்ற மருத்துவர் ஏதோ மருந்தைக் கலக்கிக் குடித்து ஹைட் என்ற இன்னொரு ஆளாக மாறுகிறார் என்ற அளவில் கதை எல்லாருக்கும் தெரியும். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஜெகில் நல்லவர், ஹைட் கெட்டவன் என்று பிரித்துவிடுகிறார்கள். பல வருஷமாக நான் மறுத்துவருவது இதைத்தான்.

ஜெகில் நல்லவர் அல்ல. நல்லதும் கெட்டதும் கலந்த மனிதர், நம் எல்லாரையும் போல. கடைசி அத்தியாயத்தில் அவரே அப்படித்தான் எழுதிவைக்கிறார். ஹைட் அந்தக் கலவையிலிருந்து தனியே பிரிந்துவந்த கெட்டது. ஆகவே இருவரையும் எதிரெதிரே நிறுத்தினால் கணக்கு சரியாக வராது. ஜெகிலுக்கு எதிரே நிறுத்த வேண்டியவர் அவருடைய நண்பர், வழக்கறிஞர் அட்டர்சன்.

கதை அட்டர்சனிடம்தான் தொடங்குகிறது. சிரிக்காத முகம், அளந்த பேச்சு. ஆனால் நண்பர்களோடு விருந்தில் உட்கார்ந்து, ஒயினும் நன்றாக இருந்துவிட்டால், கண்ணில் ஒரு கனிவு தெரியும். அதே மனிதர் தனியாக இருக்கும்போது ஜின்தான் குடிப்பார். நல்ல ஒயின் மேல் உள்ள ஆசையை அடக்குவதற்காக. நாடகம் என்றால் பிடிக்கும். ஆனால் இருபது வருஷமாக எந்த நாடக அரங்கின் வாசலையும் மிதித்ததில்லை. தன்னிடம் இவ்வளவு கறாராக இருக்கிறவர் பிறரிடமும் அப்படித்தான் இருப்பார் என்று நினைப்போம். இல்லை. தவறிப்போனவர்களைத் திட்டுவதைவிட அவர்களுக்கு உதவத்தான் பார்ப்பார். ஊரே ஒதுக்கிவிட்ட ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தாலும் முகம் மாறாது.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அட்டர்சன் பிறர் முன்னால் ஒயின் குடிக்கிறார். யாரும் பார்க்காதபோது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். ஜெகில் இதற்கு நேர் எதிர். நாலு பேர் பார்க்கும்போது ஒழுக்கம், யாரும் பார்க்காதபோது உல்லாசம். அவருடைய ஆசைகள் என்னென்ன என்று ஸ்டீவன்சன் கடைசிவரை சொல்வதில்லை. வேறு பலர் கூச்சமில்லாமல் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயங்கள்தான் என்று மட்டும் ஜெகில் எழுதுகிறார். ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற வெறி அவருக்கு. அதனால் மறைத்தார். மறைக்க மறைக்கக் கூச்சமும் வளர்ந்தது. ஆசை இரண்டு பேருக்கும் உண்டு என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். நல்ல பெயருக்கு என்ன விலை கொடுப்பது என்பதில்தான் இவர்கள் பிரிகிறார்கள்.

ஸ்டீவன்சன் பிறந்த எடின்பரோவில், அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, வில்லியம் பிராடி என்று ஒருவர் இருந்தார். பகலில் மரச்சாமான் செய்யும் கௌரவமான தொழில், நகரசபையில் உறுப்பினர். இரவில் திருட்டு. 1788இல் தூக்கிலிட்டார்கள். அவர் செய்த அலமாரி ஒன்று சிறுவன் ஸ்டீவன்சனின் அறையில் இருந்தது. பிராடி எந்த மருந்தும் குடிக்கவில்லை. நம் கதையில்கூட மருந்து அவ்வளவு முக்கியமில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

ஹைட் ஒரு முதியவரைக் கைத்தடியால் அடித்துக் கொன்றுவிடுகிறான். அதற்குப் பிறகு ஜெகில் மருந்தைத் தொடுவதில்லை. தானதர்மம் செய்கிறார், துன்பப்படுகிறவர்களுக்கு உதவுகிறார். சில மாதம் போகிறது. பழைய சபலம் திரும்ப எழுகிறது. இந்த முறை ஹைட் ஆகாமல், ஜெகிலாகவே தவறுகிறார். அப்புறம் ஒரு ஜனவரி நாள். பனி உருகித் தரை ஈரமாக இருக்கிறது, வானம் தெளிந்திருக்கிறது. ரீஜன்ட் பூங்காவில் ஒரு பெஞ்சில் வெயில் காய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார். நானும் மற்றவர்களைப் போலத்தானே என்று ஒரு சமாதானம். அடுத்த நொடியே, அவர்கள் யாருக்கும் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறார்கள், நான் எவ்வளவு நல்லது செய்கிறேன் என்று ஒரு புன்னகை. அந்த நினைப்பு வந்த அதே கணத்தில் உடம்பைக் குமட்டுகிறது, நடுங்குகிறது. குனிந்து பார்த்தால் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. முழங்காலில் கிடக்கிற கை நரம்பு புடைத்து, ரோமம் அடர்ந்து இருக்கிறது. ஹைட்டின் கை! மருந்து ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. பிறரைவிட நான் உயர்ந்தவன் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

இப்போது அட்டர்சனைப் பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தில், ஜெகில் ஏதோ பழைய பாவத்துக்காக ஹைட்டிடம் சிக்கியிருக்கிறார் என்று அவருக்குச் சந்தேகம் வருகிறது. உடனே அவர் நினைப்பு தன் பக்கம் திரும்புகிறது. தன் கடந்த காலத்தை மூலைமூலையாகத் துழாவுகிறார். பெரிய குற்றம் எதுவும் இல்லாத வாழ்க்கை அவருடையது. இருந்தும் செய்த சின்னச் சின்னத் தவறுகளை எண்ணிக் குன்றிப்போகிறார். நண்பனைச் சந்தேகித்த நேரத்தில் தன்னைச் சோதிக்கிறவர் இவர். தன் குற்றம் தெரிந்த பிறகும் பிறரைத் தாழ்த்திப் பார்க்கிறவர் ஜெகில்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அட்டர்சனிடம் உள்ள குறையை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலை நடந்த இடத்தில் கிடந்த உடைந்த கைத்தடி, அவரே ஜெகிலுக்குப் பரிசளித்தது. பார்த்ததும் தெரிந்துகொள்கிறார், போலீஸ் அதிகாரியிடம் அதைச் சொல்வதில்லை. ஹைட் எழுதியதாக வந்த கடிதத்தின் கையெழுத்து, சாய்வைத் தவிர, ஜெகிலின் கையெழுத்தாகவே இருக்கிறது என்று அவர் குமாஸ்தா காட்டுகிறார். அட்டர்சன் அதையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார். தன் பெயரைக் காக்க எதையும் மறைக்காதவர், நண்பனின் பெயரைக் காக்க மறைக்கிறார். நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். வணக்கம்.