செய்திச் சேனலுக்குப் பூட்டு

வணக்கம் மக்களே. காலையில் கேபிள்காரரிடம் பேசினேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தலைகூடச் சீவாமல் கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, எனக்கு ஒரு செய்திச் சேனலும் வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்துவிடு, காசாவது மிச்சமாகட்டும்" என்றேன். அவர் சிரிக்கிறார். "அண்ணாச்சி, தமிழ்ச் செய்திச் சேனல் பெரும்பாலும் இலவசம். எடுத்தாலும் ஒரு பைசா குறையாது." அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத வரி, ஆக 153 ரூபாய் 40 காசு. அந்த 40 காசை இந்தக் காலத்தில் யார் கொடுப்பது, யார் வாங்குவது? 155 ரூபாயாக வாங்கிக்கொண்டு போகிறார். கத்தலைக் கேட்டாலும் 155, கேட்காவிட்டாலும் 155!

கடைசியில் ரிமோட்டை நோண்டி நோண்டி ஒவ்வொரு சேனலாகப் பூட்டிவிட்டேன். எனக்குப் பரம திருப்தி. பூட்டு எண்ணைச் சொல்ல மாட்டேன், பழைய வீடியோக்களைப் பார்த்தவர்கள் ஊகித்துவிடுவீர்கள்.

என்னைத் தெரியும் உங்களுக்கு. 1967-இல் விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துத் திரிந்தவன் நான். அப்பா காமராஜர் பக்தர். ஆனாலும் திருநெல்வேலி டவுன் வாகையடி முக்கில் திமுக கூட்டம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். எதிராளி பேச்சைக் கேட்காமல் அவனோடு எப்படிச் சண்டை போடுவது என்பார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னாரே, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் விடிய விடிய வாதம். அரிசியைப் பற்றித்தான் வாதம், அதைக் கவனியுங்கள்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. அதே காமராஜர் 1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது திமுக அவரை ஆதரித்தது. இன்றைக்கு அப்படி ஒரு முடிவெடுத்தால் சொந்தக் கட்சிக்காரனே துரோகி என்பான்.

போன வாரம் ஒரு சேனலில் தாமிரபரணியில் சாக்கடை கலப்பது பற்றி விவாதம் என்றார்கள். நம் ஆறாயிற்றே என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் விளம்பர இடைவேளைக்கு முன்பே ஒருவர் மற்றவருடைய அப்பாவை இழுத்துவிட்டார். அவர் பதிலுக்கு இவர் சாதியை இழுத்தார். நெறியாளர் கன்னத்தில் கை வைத்து ரசித்துக்கொண்டிருக்கிறார், கீழே சிவப்பு எழுத்தில் 'நேரடி மோதல்' என்று ஓடுகிறது. சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது, சுத்திகரிப்பு ஏன் போதவில்லை என்று ஒரு ஆள் கேட்கவில்லை. என் நோட்டில் தேதியும் தலைப்பும்தான் இருக்கின்றன.

கட்சி மாறிவிட்டேனா என்று கேட்காதீர்கள். மாற எங்கே இடம் இருக்கிறது? ஓட்டுப் போடுவேன், அது வேறு. வாக்கு எண்ணிக்கை நாள் நேரலை மட்டும் இனி கிடையாது.

அடுத்த வாரம் சமையல், நம்ம ஊர் தேங்காய்ப்பால் குழம்பான சொதி. மூன்று தேங்காய்ப்பாலையும் தனித்தனியாக எடுத்துக் காட்டுகிறேன்.