இங்கிலாந்து வெயில் மலேசியாவை ஜெயிச்சது எப்படி? பள்ளிப் பிள்ளைங்க கண்டுபிடிக்கட்டும்!

வணக்கம் மக்களே! ஒரே ஒரு கேள்வி. இதுவரை பதிவான உச்ச வெப்பம் எங்க அதிகம், மலேசியாவுலயா, இங்கிலாந்துலயா? கூகிள் பண்ணாம கமெண்ட்ல போடுங்க.

[திரையில் இரண்டு எண்கள்]

பெர்லிஸ் மாநிலம் சுப்பிங், 1998 ஏப்ரல் 9: 40.1 டிகிரி. இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி, 2022 ஜூலை 19: 40.3 டிகிரி. ஆமாங்க, வருஷத்துல பாதி நாள் ஸ்வெட்டரோட திரியுற ஊர் நம்மள முந்திருச்சு. "அது எப்படி?"ன்னு ஒரு படிவம் 4 மாணவி கேட்டா போதும், பருவநிலை பாடம் தானா ஆரம்பிச்சிரும். அதுக்குத்தான் வெளிநாட்டுப் பள்ளியோட கூட்டணி.

பின்னணிய வேகமா முடிச்சிடுறேன். கூட்டணிக்குப் பள்ளி தேட, நாசா ஆதரவுல 1995-லேர்ந்து ஓடுற குளோப் திட்டம் இருக்கு; பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைங்க சுற்றுச்சூழல அளந்து தரவைப் பகிர்ற திட்டம் அது. மலேசியாவுல டபிள்யூ.டபிள்யூ.எஃப். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நடத்துற ஈகோ ஸ்கூல்ஸ்ங்கிற பள்ளிச் சுற்றுச்சூழல் திட்டம் இருக்கு. தெரிஞ்ச ஆசிரியர் மூலமா நேரா ஒரு பள்ளியோட பேசியும் ஆரம்பிக்கலாம். பள்ளி முதல்வர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து ரெண்டும் முதல் வேலை. அவ்வளவுதான்.

பெரும்பாலான கூட்டணி எப்படிப் போகுது தெரியுமா? முதல் வீடியோ கால்ல ரெண்டு பக்கமும் கொடி ஆட்டுவாங்க, ஒரு நடனம், "உங்க ஊர்ல பனி பெய்யுமா?"ன்னு ஒரு கேள்வி, அப்புறம் குரூப் போட்டோ. நல்ல விஷயம்தான், ஆனா அதுல பருவநிலை எங்க? என் கருத்து இது: ரெண்டு பள்ளியும் ஒரே பொருளை ஒரே முறையில அளக்கணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

சரி, அளக்கலாம். பினாங்குப் பள்ளியும் லண்டன் பள்ளியும் "தினமும் மதியம் 12 மணிக்கு வெப்பநிலை எடுப்போம்"னு முடிவு பண்றாங்க. கேக்க நியாயமா இருக்கு இல்ல? அந்த அட்டவணைய அப்படியே தூக்கிப் போட வேண்டியதுதான்!

ஏன்னா பினாங்குல 12 மணிக்கு சூரியன் உச்சிக்கு வர்றதே இல்ல. நம்ம கடிகாரம் காட்டுறது 120 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையோட நேரம். அந்தக் கோடு மணிலாவுக்குப் பக்கத்துல போகுது! பினாங்கு இருக்கிறது 100.3 டிகிரியில. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம், 19.7 டிகிரிக்கு 79 நிமிஷம். அதனால பினாங்கோட உச்சிப்பொழுது சராசரியா 1:19. கோலாலம்பூர் கொஞ்சம் கிழக்கே இருக்கிறதால 1:13. சென்னையில வெறும் 12:09.

இது இயற்கை பண்ண வேலை இல்ல. 1982 ஜனவரி 1-ல தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோட ஒரே நேரத்துக்கு வரணும்னு கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. ஏழு மணிக்கும் இருட்டா இருக்கு, பிள்ளைங்கள எழுப்ப முடியலன்னு புலம்புற அம்மாமார்களே, புகார யார்கிட்ட கொடுக்கணும்னு இப்பத் தெரிஞ்சிருச்சா?

இன்னும் இருக்கு, எனக்குப் பிடிச்ச பகுதியே இதுதான். அந்த 1:19-உம் நிலையா நிக்காது. பூமியோட பாதை முழு வட்டம் இல்ல, அச்சும் சாய்ஞ்சிருக்கு. அதனால நவம்பர் தொடக்கத்துல பினாங்கு உச்சிப்பொழுது 1:02-க்கே வந்துரும், பிப்ரவரி நடுவுல 1:33 வரைக்கும் தள்ளிப் போகும். நம்பலைன்னா திடல்ல ஒரு மீட்டர் குச்சிய செங்குத்தா நட்டு, 12:50-லேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலோட முனையைக் குறிங்க. நிழல் எப்ப ரொம்பக் குட்டையா இருக்கோ அதுதான் உச்சிப்பொழுது. ஏப்ரல் 4, செப்டம்பர் 8 வாக்குல பினாங்குல நிழலே காணாமப் போயிடும். மேகம் இருந்தா மறுநாள் பாருங்க.

லண்டன்லயும் சிக்கல் இருக்கு. மார்ச் கடைசி ஞாயிறுல அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க. அதுக்கப்புறம் அங்க உச்சிப்பொழுது மதியம் ஒரு மணி வாக்குல. பழையபடி 12-க்கே அளந்தா, திங்கக்கிழமையிலேர்ந்து வெப்பநிலை திடீர்னு இறங்கின மாதிரி தெரியும். "பருவநிலை மாறிருச்சு"ன்னு கட்டுரை எழுதிடுவாங்க!

தீர்வு? குளோப் முறையில உள்ளூர் உச்சிப்பொழுதுக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன அளக்கணும். பினாங்குல சராசரியா 12:19-லேர்ந்து 2:19 வரை. பள்ளி மணி அடிச்சு பஸ்ஸுக்கு ஓடுற நேரத்துக்குள்ள முடிக்கணும்னா, கடைசிப் பாடவேளையில ரெண்டு பேர் அஞ்சு நிமிஷம் வெளிய போய்ட்டு வரட்டும். அட்டவணையில உள்ளூர் நேரத்தோட உலகப் பொது நேரத்துக்கும் (UTC) ஒரு பத்தி வைங்க. தேதிய வருஷம், மாசம், நாள்னு எழுதுங்க. இல்லன்னா அமெரிக்கப் பள்ளி சேர்ந்ததும் மார்ச் 5 மே 3 ஆயிடும்.

[படம்: வெள்ளை மரப்பெட்டி]

வெப்பமானிய வெயில்ல தொங்கவிடாதீங்க. காத்து போற மாதிரி சாய்வுப் பலகை வச்ச வெள்ளைப் பெட்டி, தரையிலேர்ந்து 1.5 மீட்டர் உயரம், கீழே புல். பக்கத்துக் கட்டடத்தோட உயரத்தைப்போல நாலு மடங்கு தள்ளி. 8 மீட்டர் கட்டடம்னா 32 மீட்டர். தார் போட்ட கார் நிறுத்துமிடம் பக்கமே போகாதீங்க.

பிரிட்டிஷ் வழிகாட்டியில "கதவு வடக்கு நோக்கி"ன்னு இருக்கும். அங்க சரி. பினாங்குல ஏப்ரல் தொடக்கத்துலேர்ந்து செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிக்கும். கதவத் திறந்ததும் வெயில் நேரா வெப்பமானி மேல விழும். வடக்கு, தெற்கு ரெண்டு பக்கமும் கதவு வைங்க, சூரியன் இல்லாத பக்கத்தைத் திறங்க.

மின்னணு சென்சார் வாங்குறவங்களுக்கு: டிஎச்டி11 வேணாம், அதுல 2 டிகிரி வரைக்கும் பிழை வரலாம். டிஎஸ்18பி20-ல பிழை அரை டிகிரி. மைக்ரோபிட்ங்கிற குட்டிக் கணினிப் பலகை உள்ள இருக்கிற சென்சார் சிப்போட சூட்டைத்தான் சொல்லும், காத்தோட சூட்டை இல்ல. எதுவானாலும் பொடிச்ச ஐஸ் கலந்த தண்ணியில பத்து நிமிஷம் வச்சுப் பாருங்க. பூஜ்யத்துலேர்ந்து அரை டிகிரிக்கு மேல விலகினா ஒதுக்கி வைங்க. ரெண்டு பள்ளியும் ஒரே வாரத்துல இந்தச் சோதனைய செய்யணும்.

இப்ப ஆரம்பக் கேள்விக்கு வருவோம். லண்டன்ல மூணு நாள் தொடர்ந்து 28 டிகிரி தொட்டா அது வெப்ப அலை. நமக்கு 28 டிகிரின்னா காலையில நாசி லெமாக் வாங்கப் போற நேரம்! மலேசிய வானிலை ஆய்வுத் துறையோட முதல் நிலை எச்சரிக்கையே மூணு நாள் 35-லேர்ந்து 37 டிகிரி இருந்தாதான். கோடையில லண்டன்ல பகல் ரொம்ப நீளம். தெற்கேயிருந்து வறண்ட சூடான காத்து வந்தா எண் எகிறும். நம்மகிட்ட கடலும் மேகமும் சாயங்கால மழையும் உச்சத்தை அடக்கி வச்சிருக்கு. ஆனா ராத்திரியில ஈரப்பதம் நம்மள விடாது.

அதனால பினாங்கோட 31 டிகிரியையும் லண்டனோட 6 டிகிரியையும் பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க. ஒவ்வொரு ஊரும் தன்னோட 30 வருஷச் சராசரியிலேர்ந்து எவ்வளவு விலகியிருக்குன்னு பாருங்க. ரெண்டு பேரும் 1991–2020 சராசரியையே எடுக்கணும். நாசாவோட உலக வெப்பநிலை வரைபடம் 1951–1980-ஐ அடிப்படையா வைக்குது. ஒருத்தர் இதை, ஒருத்தர் அதை எடுத்தா ஒரே ஊருக்கே ரெண்டு விடை வரும். அப்புறம், ஒரு தவணைத் தரவை வச்சு பருவநிலை மாற்றத்த நிரூபிக்க முடியாது. பிள்ளைங்க அளக்கிறது வானிலை. இதை முதல் வாரமே சொல்லிடுங்க.

வீடியோ காலுக்கு மலேசிய நேரம் மாலை 5 மணி வைங்க. லண்டன்ல குளிர்காலத்துல அது காலை 9, கோடையில 10. கைத்தொலைபேசி வேணாம், கணினி அறையிலேர்ந்து பேசுங்க, கட்டொழுங்கு ஆசிரியர் நிம்மதியா இருப்பார்.

கடைசியா மழைமானி. நேர்சுவர் பாட்டில் போதும். அடிப்பக்கம் வளைஞ்சிருக்கும், அதைக் கூழாங்கல்லும் தண்ணியும் போட்டு பூஜ்யக் கோடு வரைக்கும் நிரப்பணும். லண்டன்காரங்களுக்கு இல்லாத ஆபத்து நமக்கு இருக்கு: டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு. முட்டையிலேர்ந்து கொசுவாக ஏழு, எட்டு நாள் போதும். சுகாதார அதிகாரி வந்து கொசுப் புழுவைப் பார்த்தா, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கிற 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிக்கே அபராதம். அதனால தினமும் அளந்ததும் பூஜ்யக் கோட்டுத் தண்ணியையும் சேர்த்து ஊத்திட்டு, புதுசா நிரப்புங்க. பள்ளி விடுமுறைக்கு முந்தின நாள் பாட்டிலக் கவுத்து வச்சிடுங்க. அந்த நாட்களுக்கு அட்டவணையில 0 போடாதீங்க, கட்டத்தை வெறுமையா விடுங்க. 0-ன்னா மழை பெய்யலன்னு அர்த்தம். அந்தப் பக்கம் சராசரி போடுற பிள்ளைக்கு நீங்க அளக்கவே இல்லன்னு தெரியாது.