சீர்த்தட்டில் இல்லாத காலணி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பதின்பருவப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தாமே தேர்ந்து பரிசு கொடுப்பது சிறப்பா, பிள்ளைகளைக் கேட்டுக் கொடுப்பது சிறப்பா என்னும் இன்றைய தலைப்பில், கேட்டுக் கொடுப்பதே சிறப்பு என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பிள்ளைக்கு எது வேண்டும் என்பது பெற்று வளர்த்தவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். பதின்பருவத்திலோ பிள்ளையின் நாளில் பெரும்பகுதி பள்ளியிலும் மைதானத்திலும் தோழர்களிடையிலும் கழிகிறது. அங்கே அவர்களுக்கு என்ன குறைகிறது என்பது அவர்கள் சொன்னாலொழிய நமக்குத் தெரியாது.

நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பெண் இந்த வயதில் பெறும் மிகப் பெரிய பரிசு, பூப்பு நீராட்டு விழாவில் வரும் தாய்மாமன் சீர். பட்டுச்சேலையும் நகையும் வளையலும் பழங்களும் தாம்பாளங்களில் மேளதாளத்துடன் வந்து இறங்குகின்றன. குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் அன்றே பரணுக்குப் போய், என்றோ நடக்கவிருக்கும் திருமணத்துக்காகக் காத்திருக்கின்றன. உறவினர் வைக்கும் பணம் மொய் நோட்டில் ஏறுகிறது. அதைத் திருப்பிச் செய்யும் கடன் அவளுடைய தந்தையைச் சேர்கிறது. இத்தனையும் அவள் பெயரால் நடக்க, உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்பவர் மட்டும் அநேகமாக யாரும் இல்லை. உறவைக் காட்டும் இந்தச் சீரை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் ஒரு தாய்மாமன்தான்.

என் அக்காள் மகளுக்கு 13 வயதில் அந்த விழா நடந்தபோது, 21 தட்டுகளுடன் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி, நானே தேர்ந்தெடுத்த சேலை அது. அன்றைக்குப் பிறகு அவள் அதை உடுத்தவே இல்லை. மறு ஆண்டு குறுவட்டத் தடகளப் போட்டியில் அவள் 400 மீட்டர் ஓடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். ஓடி முடித்து உட்கார்ந்தவள் காலணியைக் கழற்றியபோது, விரல் பக்கத்திலிருந்து ஒரு துணிச்சுருள் வந்து விழுந்தது. தோழியிடம் இரவல் வாங்கிய, ஒரு அளவு பெரிய ஸ்பைக்ஸ் ஷூ. அவள் ஓடுவாள் என்பது எனக்குத் தெரியும். எதை அணிந்து ஓடுகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நடுவர் அவர்களே, அந்தத் துணிச்சுருளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கேட்டால் பைக் கேட்பார்களே என்பது எதிரணியின் வலுவான வாதம். அதற்கு நான் விடை சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி, 16 வயதானவர் உரிமம் பெற்று ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டுமே. மற்ற வண்டிகளுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். 2019 திருத்தத்தின்படி, உரிய வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்துக்கு உள்ளானால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. இதையெல்லாம் எதிரில் உட்கார வைத்து எடுத்துச் சொல்வதற்கான வாய்ப்பே, அவன் வாய்விட்டுக் கேட்கும்போதுதான் நமக்குக் கிடைக்கிறது. கேட்பது என்றால் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது என்று எங்கள் அணி சொல்லவில்லை. என்னால் 3,000 ரூபாய்தான் முடியும் என்று 15 வயதுப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். வீட்டின் வரவு செலவைப் புரிந்துகொள்ளும் வயதுதான் அது.

திடீரென்று கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சி போய்விடும் என்றும் சொன்னார்கள். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொடுக்கும் நாளை மறைத்து வைக்கலாமே.

சென்ற பொங்கலுக்கு அவளிடமே கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "ஸ்பைக்ஸ் வேணும் மாமா, ஆறாம் நம்பர்" என்றாள். அதன் விலை அந்தப் பட்டுச்சேலையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தீர்ப்பு வழங்குமுன், 21 தட்டுகளுக்கு நடுவே மாலையுடன் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.