எழுதாக் கணக்கு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, அதிபர் அம்மா அவர்களே, ஆசி வழங்கிய குருக்கள் ஐயா, அருட்தந்தை, மௌலவி அவர்களே, ஆயிரம் அலுவலுக்கிடையில் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, பேத்தியின் கைபிடித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஐந்தாம் வகுப்பு டீச்சர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். டீச்சர், உங்களுக்கு முன்னால் தமிழ் பேச எனக்கு இன்றைக்கும் கைநடுங்குகிறது.

மூன்று விடயம் பேச வந்தேன்: மட்டக்களப்புக்குப் பள்ளிக்கூடம் வந்த கதை, நமது கல்லூரியின் இடாப்புகள் என்னும் மாணவர் பதிவேடுகள், வாவிக்கரை ஊர்ப்பெயர்கள்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். 1814ல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் இங்கே வந்தார். கப்பற் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். 1815 ஏப்பிரல் முதலாந் திகதி அவரும் கண்மூடினார். வந்து ஓராண்டு நிறையவில்லை. அதற்குள் அவர் இட்ட வித்துத்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அக்காலத்து மிஷனரிமார் கடிதமும் நாட்குறிப்பும் எழுதி, எழுதியதைப் பாதுகாத்தும் வைத்தபடியால் நாம் அவரை அறிகிறோம்.

இடாப்புக்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு ஒருநாள் நாவலடியிலிருந்து ஒரு பெரியவர் கல்லூரிக்கு வந்தார். வீடு, வள்ளம், பத்திரம் எல்லாம் கடலோடு போய்விட்டன. ஓர் அலுவலகத்தில் வயதுக்கு அத்தாட்சி கேட்டு மூன்று தரம் திருப்பியனுப்பியிருக்கிறார்கள். அப்போது நான் இங்கே ஆசிரியன். அலுமாரியைத் திறந்தோம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் நமது கூரை பறந்தபோது, காவலாளி ஐயா சாக்கில் கட்டிச் சுமந்து, பிறகு மைதானத்தில் தாள் தாளாக வெயிலில் காயவைத்த அதே இடாப்புகள். ஒரு மணித்தியாலம் தேடினோம். பெயர் இருந்தது, பிறந்த திகதியும் இருந்தது. கூடவே தைத்திருந்த விண்ணப்பத்தின் அடியில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. "சேர், இது எங்கட அப்பாட விரலா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அப்பாவின் ஒரு படங்கூட அவரிடம் மிஞ்சவில்லை. தன் பெருவிரலை அந்த ஊதா அடையாளத்தின்மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மறுகா ஒருக்கா வந்து பார்க்கலாமா?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு தரம் பேரப்பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டினார்.

போன மாதம் அந்த அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுக்கக் கறையான். அந்தக் கைநாட்டு உள்ள தாள் இப்போதைக்குத் தப்பியிருக்கிறது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது. எழுதிய கணக்கையே கறையானுக்குக் கொடுத்தால் யாரிடம் போய் அழுவது?

ஊர்ப்பெயர் கதையை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது ஓர் அறை. ஈரம் ஏறாத தரை, இரண்டு இரும்பு அலுமாரி, ஒரு ஸ்கேனர். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். அவர்களிடம் முறை கேட்டறியலாம். தலைவர் அவர்களே, புதிய வரவேற்பு வளைவுக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை இதற்குத் தாருங்கள் என்று இந்தச் சபை முன்னிலையில் கேட்கிறேன். வளைவு அடுத்த வருடமும் கட்டலாம். கார்த்திகை மழை நமக்காகக் காத்திராது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் நமது கல்லூரி நூலகத்தில் இருப்பேன். வரக்கூடியவர்கள் ஒரு பழைய பருத்தித் துணியும் மெல்லிய தூரிகையும் கொண்டுவாருங்கள்.