கச்சான் காணிக்குக் காகத்தை அழைப்பதா, விரட்டுவதா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவருடையது. வாசித்த நாளிலிருந்து இது என் மனத்தில் கிடந்து குடைகிறது, அதனால் சற்று விரிவாகவே பேசப்போகிறேன். "ஐயா, மேட்டுக்காணியில் கச்சான் போட்டேன். முளை வரும் நேரத்தில் காகம் கிளறிவிட்டது. இங்கிலாந்தில் வலைக்குள் ஒளிந்திருந்து, வயலில் பொம்மைக் காகங்களைப் பரப்பி, வருகிற காகங்களைச் சுட்டு விழுத்துகிறார்கள். காணொளியில் பார்த்தேன். அதை இங்கே செய்யலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் அவர்கள் செய்வதை முழுமையாகச் சொல்கிறேன், தம்பி. காகம் இரவில் கூட்டமாக அடையும் மரத்திலிருந்து காலையில் ஏறக்குறைய ஒரே வழியாகத்தான் இரைக்குப் பறக்கும். சுடுகிறவர் சில நாள் காணியில் நின்று அந்த வழியைப் பார்த்து வைப்பார். பிறகு வேலியோரம், அந்த வழிக்குக் கீழே, மறைப்புக் கட்டுவார். பறவை எதிர்காற்றில் இறங்கும் என்பதால் பொம்மைகளைக் காற்றை நோக்கி வைத்து, நடுவில் இறங்க வெளி விடுவார். மறைப்புக்கும் பொம்மைக்கும் இருபது, முப்பது மீட்டர் தூரம். முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்வார், ஏனென்றால் காகம் முதலில் தேடுவது மனித முகத்தைத்தான். துவக்கு, சிறு சன்னங்கள் சிதறிப் பாயும் 'பன்னிரண்டு போர்' வகை; சன்னம் ஆறாம் நம்பர். முப்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் நல்ல வேட்டைக்காரர் சுடமாட்டார், பறவை காயத்தோடு போய்விடும். விழுந்த காகம் மல்லாந்து கிடந்தால் உடனே எடுத்துவிடுவார். அதைப் பார்த்தால் மற்றவை இறங்கா.

இப்போது யோசியுங்கள். பொம்மைக் காகம் எதற்கு? காகத்தை அழைப்பதற்கு! "இங்கே தீனி இருக்கிறது, பயமில்லை, வா" என்று சொல்வதற்கு. அவருக்குக் காகம் வர வேண்டும், உங்களுக்குக் காகம் போக வேண்டும். வெருளி பற்றிப் பேசிய அன்றும் இதைத்தான் சொன்னேன், பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும்: செய்யும் வேலை காகத்தை அழைக்கிறதா, அனுப்புகிறதா என்று பாருங்கள். முளை வரும் வாரத்தில் கச்சான் காணிக்குப் பொம்மை வைத்தால், அந்த வழியே சும்மா பறந்த காகத்தையும் நீங்களே கூப்பிட்டு இறக்குகிறீர்கள்.

இங்கிலாந்தில்கூட எடுத்தவுடனே சுடுவதில்லை. பயிரைக் காக்கக் காகத்தைச் சுடும் பொது அனுமதியிலேயே, விரட்டுவது போன்ற வேறு வழிகளையும் முயல வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நம்மிடம் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வானத்தை நோக்கிச் சுட்ட சன்னம் இருநூறு மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். நம் காணிகளைப் பாருங்கள்: பக்கத்துக் காணியில் பெண்கள் களை எடுக்கிறார்கள், ஒழுங்கையால் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கை நினைத்தே பார்க்க வேண்டாம், அது மிருகத்தையும் மனிதனையும் பிரித்துப் பார்க்காது.

அந்த வேட்டைக்காரர் செத்த காகத்தை ஒளிக்கிறார் என்றேன் அல்லவா? அதுதான் நமக்கு வேண்டிய பாடம். காகத்தின் பெரிய ஆயுதம் அதன் நினைவு. 2006இல் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜோன் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரின் குழுவினர் குகைமனித முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் திரண்டு கத்தின. பிடிபடாத காகங்களும் கத்தின. ஆண்டுக்கணக்கில் கத்தின! அது வேறு இனக் காகம், ஆனால் நம் முற்றத்துக் காகத்தின் புத்தியும் குறைந்ததல்ல.

ஒட்டுசுட்டானில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார். புரட்டாசிச் சனிக்கு வாழையிலையில் சோறு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் வாயில் தண்ணீர் விடுவார். அவர் "கா, கா" என்றதும் கிணற்றடிக்கு வந்து நிற்கும். மழை விழுந்து கச்சான் போட்டதும் அதே அம்மா விடியுமுன் கெட்டப்போலோடு காணியில் நிற்பார். கிணற்றடியில் நெருங்கி வருகிற காகம், காணியில் அவர் குனிந்து கல் எடுத்தாலே எழும்பிவிடும். அந்த இடத்தில் அந்த அம்மா ஆபத்து என்று அது படித்துவிட்டது. ஒரு காகத்தையும் அவர் கொன்றதில்லை. நான் எப்போதும் கேட்பதுதான்: அழைப்பதா, அனுப்புவதா? அந்த அம்மா இரண்டையும் வேறுவேறு இடத்தில் செய்கிறார்.

தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விதையை எடுத்தது காகம்தானா? பகலில் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. விடியற்காலையில் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். முளையைப் பிடுங்கி, பருப்பைத் தின்று, தண்டை அந்த இடத்திலேயே போட்டிருந்தால் காகம். மண்ணை உழுதது போலப் புரட்டியிருந்தால் இரவில் பன்றி வந்திருக்கிறது. காலால் அகலமாகச் சீய்த்து, பெரிய மூவிரல் தடம் பதிந்திருந்தால் மயில். வரம்பில் வளையும் அதன் வாயில் கோதும் கிடந்தால் எலி. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் பயிரழிக்கும் உயிர்களைக் கணக்கெடுத்தார்களே, அதில் எண்ணியது குரங்கு, மந்தி, மரஅணில், மயில். காகம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. உழும்போது உழவு இயந்திரத்தின் பின்னால் நடந்து புழு பொறுக்குவதும் இதே காகம்தான், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

காகம்தான் என்று உறுதியானால், விதைத்த நாளிலிருந்து முளை பச்சை பிடித்து நிமிரும் வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், காவல் இருங்கள். கச்சான் ஐந்தாறு நாளில் முளைக்கத் தொடங்கிவிடும், கடுமையான நாள்கள் அவைதான். விதையை மேலாகத் தூவாமல் ஐந்து சென்ரிமீட்டர் ஆழத்தில் மூடுங்கள். காகம் இறங்கிப் பழகிய ஓரத்தில் காவோலையைப் பரப்புங்கள். கசெற் நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றில் இரையும், ஆனால் மூன்றாம் நாள் இடத்தை மாற்றுங்கள். வெருளியையும் அப்படியே. அசையாத வெருளியின் தோளில் காகம் உட்காருவதை நீங்களே கண்டிருப்பீர்கள். செத்த காகம் எங்கேயாவது கிடைத்தால் கையுறை போட்டு எடுத்துக் கம்பில் தொங்கவிடுங்கள், சில நாள் பயன் தரும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிறுத்தி வாங்கும் வறுத்த கச்சானுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய இந்த இரண்டு வாரக் காவல் இருக்கிறது.

அறுவடையில் பிடுங்கிப் போட்ட கொடியைக் காணியில் காயவிடும்போது காகம் மறுபடி வரும். அப்போது படங்கு விரித்து மூடுங்கள். தம்பி, தடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அடுத்து, முள்ளியவளையிலிருந்து கௌபி பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.