பி2 ஸ்லாட்டும் 168 வெள்ளியும்

வணக்கம் மக்களே. பின்னால் ஒரு இரைச்சல் கேட்கிறதா? கேட்டால் சந்தோஷப்படுங்கள். நம்ம கிழவர், அதாவது என் பழைய வீட்டு சர்வர், எழுந்துவிட்டார்.

போன வாரம் முழுக்க, ராத்திரி பேக்கப் ஓடும் நேரம் பார்த்து அவர் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருக்கிற பாம் ஷெல்டர் அறைக்குள் அடைத்து வைத்தால் வெக்கையில் வேகாமல் என்ன செய்யும் என்று அம்மா. அம்மாவுக்கு அங்கே அரிசி மூட்டை வைக்க இடம் வேண்டும், அது வேறு அரசியல். ஆனால் மெஷின் தானே எழுதிவைக்கும் லாகில் சூடு பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்ததெல்லாம் இசிசி பிழை, அதாவது மெமரியில் பிழை பார்த்துத் திருத்தும் வசதி பிடித்த பிழை, அதுவும் ராம் செருகும் பி2 ஸ்லாட்டில் மட்டும். ஒரு பிட் தப்பினால் இசிசி தானே திருத்திக்கொள்ளும், லாகில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். இரண்டு பிட் சேர்ந்து தப்பினால் கண்டுபிடிக்கும், திருத்த முடியாது. மெஷின் அங்கேயே படுத்துவிடும்.

சரி, ராம் போச்சு என்று முடிவு கட்டி சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்பினேன். 16 ஜிபி ஒன்று 168 வெள்ளி. மக்களே, 168! மெஷினையே நான் 220 வெள்ளிக்குத்தான் வாங்கினேன். பழைய சாமான், தெரியும், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பணம் கட்ட பேங்க் கார்டைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது: பி1-ல் இருப்பதையும் பி2-ல் இருப்பதையும் இடம் மாற்றிப் பார்க்கவே இல்லை. உங்களுக்கு மூன்று வீடியோவில் இதையே பாடம் எடுத்தவன் நான். கீழே இறங்கி ஒரு தே ஓ கோசோங் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாற்றினேன். மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது. ராம் பி1-க்குப் போய்விட்டது, பிழை மட்டும் பி2-விலேயே உட்கார்ந்திருக்கிறது. ராம் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. ஸ்லாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தம். மிச்சம் சிபியு. மெமரி கன்ட்ரோலர் அதற்குள்ளேதானே இருக்கிறது? சாக்கெட்டில் 2011 ஊசி. ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் ஒரு ஸ்லாட் முரண்டு பிடிக்கும்.

அட, ஒன்று சொல்லாமல் விட்டேன். உள்ளே கை வைக்கும் முன் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும். பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்துங்கள், மிச்சமிருக்கிற மின்சாரம் வடியட்டும். நான் ஒன்றைத்தான் பிடுங்கியிருந்தேன். மூடியைத் திறந்தால் விசிறி சுற்றிக்கொண்டே என்னை முறைக்கிறது.

எங்கே விட்டேன்? ஆங், சிபியு. தூக்கித் திருப்பினால், ஓரத்தில் எறும்புத் தலை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் தெர்மல் பேஸ்ட், சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவுவது. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரே துடைப்பு. பாட்டில் 7 வெள்ளி 50 காசு, போன வருஷம் வாங்கியது, இன்னும் பாதி இருக்கிறது. சாக்கெட் பக்கம் மட்டும் துணியோ பஞ்சோ கொண்டு போகாதீர்கள், ஊசி வளைந்தால் மதர்போர்டுக்குச் சங்குதான்.

மூன்று ராத்திரி பேக்கப் முழுசாக முடிந்திருக்கிறது. லாக் காலி. 168 வெள்ளி என் பையில்.

அந்தப் பேஸ்ட் அங்கே எப்படிப் போனது? ஹீட்சிங்க் மாற்றிய வீடியோ ஞாபகம் இருக்கிறதா? 'அண்ணே, தோசைக்கு நெய் ஊற்றுவது மாதிரி ஊற்றுகிறீர்கள், விரலெல்லாம் பேஸ்ட்' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நான் அதற்குச் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தேன். தம்பி, அந்தப் பொம்மையை இன்று காலையில்தான் எடுத்தேன்.