காவலர் போன தெரு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அல்பேனியாவின் தலைநகர் திரானாவில் இருக்கும் ப்ளோக்கு என்ற குடியிருப்புப் பகுதி இன்று மக்களின் இடமா, பணத்தின் இடமா என்பது தலைப்பு. “அன்று துப்பாக்கி தடுத்தது, இன்று வாடகை தடுக்கிறது, இரண்டும் ஒன்றுதான்” என்று அடித்துச் சொன்னார் எதிரணித் தோழி. ஒன்றல்ல அம்மா.

ப்ளோக்கு ஊருக்கு வெளியே இல்லை. ஊரின் நடுவிலுள்ள ஸ்கந்தர்பெக் சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும்வரை அங்கே காவல். நாட்டை ஆண்ட என்வர் ஹோஜாவும், கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் தலைவர்களும் அவர்கள் குடும்பங்களும்தான் உள்ளே. சமத்துவம் பேசிய ஆட்சி அது! மக்கள் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளக் கூடாது, 1967 முதல் சாமி கும்பிடவும் கூடாது. தலைவர்களுக்கு மட்டும் தோட்டத்தோடு வீடு. அதே ஊரில் பிறந்தவர், பக்கத்துத் தெரு எப்படி இருக்கும் என்று பார்க்காமலே கிழவரானார்.

உள்ளே இருந்தவருக்காவது நிம்மதி இருந்ததா? மெஹ்மெத் ஷெஹூ 27 ஆண்டுகள் பிரதமர். 1981 டிசம்பரில் அதே ப்ளோக்கு வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு. அப்புறம் துரோகி என்றது, குடும்பத்தையும் சிறையில் தள்ளியது. அவருக்கே சொந்தமில்லாத தெரு, வேறு யாருக்குச் சொந்தம்?

1991இல் தெரு திறந்தது. சரி, வாடகை ஏறியது உண்மை. தோட்டங்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நெருக்குகின்றன, அதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரே ஒரு காபி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டும் மாணவனை அங்கே யார் எழுப்பப் போகிறார்கள்? ஹோஜாவின் வீட்டில் 2025 முதல் பல நாட்டுக் கலைஞர்கள் தங்கி வேலை செய்கிறார்கள். ப்ளோக்கின் நுழைவாயில் பக்கம் பெர்லின் சுவரின் ஒரு துண்டும், ஒரு பதுங்குகுழியும், ஸ்பாச் சிறைச் சுரங்கத்தின் தூண்களும் நினைவுச்சின்னமாக நிற்கின்றன. அரசியல் கைதிகளை வதைத்த சிறை அது.

வாடகை அநியாயம் என்று தோழி இன்று ப்ளோக்கின் நடுத்தெருவில் நின்றே கத்தலாம். நானும் கூட நிற்பேன். அன்று அப்படிக் கத்தியிருந்தால் ஸ்பாச் சுரங்கத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். நன்றி.